கரின்னுதான் சொன்னேன்

காலை நீட்டிக்கட்டும் விடுங்க. உங்க பை மேல பட்டா மட்டும் சொல்லுங்க, நான் நகத்தி வெக்கிறேன். மடக்கி உக்காந்தா அவளுக்கு ஆவாது, முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். நீங்க தர்மபுரியா? நாங்க பென்னாகரம் போயி அங்கிருந்து இன்னொரு வண்டி மாறணும். பாறைக்கொட்டாய்னு ஊரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.

பொறந்ததுல இருந்தே இப்படியான்னு கேக்க வந்தீங்க. புள்ள பக்கத்துல இருக்காளேன்னு வாயை மூடிக்கிட்டீங்க. கேக்கலாங்க, தப்பில்ல. எல்லாரும் கேக்கறதுதான். பொறந்தப்ப நல்லாத்தான் இருந்தா. இது தண்ணி பண்ணுன வேலை. எங்க போர் தண்ணியில புளோரைடுன்னு ஒண்ணு இருக்குது. பார்த்தா கண்ணாடியாட்டம் இருக்கும். முதல்ல பல்லுல கறை ஏறும், அப்புறம் எலும்புல எறங்கும். என் பல்லைப் பாருங்க. எங்க ஊருக்காரன் பஸ்ஸுல சிரிச்சா எந்த ஊருன்னு சொல்லிடுவாங்க. பெரிய குழாய்த் தண்ணி கீழ இருக்கற ஊருங்களுக்கெல்லாம் வருது. எங்களுது மேடு, ஏற மாட்டேங்குது.

கோபிகான்னு பேரு. ஏழாவது படிக்கிறா, இங்கிலீஷ் மீடியம். தூங்கல, கண்ணைத்தான் மூடியிருக்கா.

நான் வேடியப்பன். ரொம்ப வருசம் பெங்களூருல டூரிஸ்ட் வேன் ஓட்டினேன். வெள்ளைக்காரங்களை ஒகேனக்கல் கூட்டிட்டு வந்து, பரிசல்ல ஏத்தி, மீன் வறுவல் வாங்கிக் குடுத்து, திரும்பக் கொண்டுபோயி ஓட்டல்ல விடறது. இங்கிலீஷ் அதுல வந்ததுதான். படிச்சு வந்த இங்கிலீஷ் இல்ல, பொழைச்சு வந்த இங்கிலீஷ். டூரிஸ்ட் ஓட்டறவனுக்கு ஒரே பாடந்தாங்க, ஏறுன முகம் வாடாம எறக்கி விடணும். பரிசல்காரன் கெட்ட வார்த்தையில திட்டுவான், மேடம் என்ன சொல்றாருன்னு கேப்பாங்க. வெல்கம் சொல்றாருன்னு சொல்லுவேன். அவங்க சிரிப்பாங்க, அவனும் சிரிப்பான். அதுல யாருக்கு என்ன நட்டம்?

அந்த வேலையை விட்டுட்டு ஊரோட வந்து உக்காந்திருந்தப்பதான் அந்தப் புள்ளைங்க வந்தாங்க. ஜெர்மனியில இருந்து அஞ்சு பேரு. இஞ்சினியரிங் காலேஜ் புள்ளைங்க. அவங்க படிப்புல அது ஒரு பாடமாம். வேற நாட்டுல கஷ்டப்படற ஜனங்ககிட்ட போயி, அந்த ஊருல கெடைக்கிற சாமானை வெச்சே, அந்த ஜனங்களே ரிப்பேர் பண்ணிக்கிற மாதிரி ஒரு கருவி செஞ்சு குடுக்கணும். தர்மபுரியில ஒரு டிரஸ்ட்டுக்காரங்க எங்க ஊரைக் காட்டி விட்டுட்டாங்க. ஊருல இங்கிலீஷ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். அப்ப யாரைக் கூப்பிடுவாங்க?

தலைவி ஒரு பொண்ணு. இங்க்ரிட்னு பேரு. எங்க பொம்பளைங்க வாயில இங்கிரி ஆயிடுச்சு. ஒசரமா இருப்பா. வெயில்ல மூக்கு செவந்து தோலு உரிஞ்சு போயிரும், ஆனாலும் குடை புடிக்க மாட்டா. எங்க வீட்டுலதான் சாப்பாடு. களி உருண்டையை மெல்லாம முழுங்கணும்னு எங்க வீட்டுக்காரி மாதம்மா சொல்லிக் குடுத்தா, ரெண்டே நாள்ல பழகிக்கிட்டா. கோபிகாவைப் பக்கத்துல உக்கார வெச்சு இங்கிலீஷ்ல பேசிக்கிட்டே இருப்பா. என்கிட்ட பேசறதைவிட இவகிட்ட பேசறப்ப மெதுவாப் பேசுவா. இவளும் விடாம பதில் சொல்லுவா. அப்ப வாயாடிங்க இவ.

அவங்க வந்து முதல்ல வீடு வீடாப் போயி புள்ளைங்க பல்லைப் பார்த்தாங்க, காலைப் பார்த்தாங்க. நீங்க என்ன ஆளுங்களோ எனக்குத் தெரியாது, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊருல காலனி தனியா இருக்குது, ஓடைக்கு அந்தாண்ட. அங்க போர் ரொம்ப ஆழம், புள்ளைங்களுக்கு இன்னும் மோசம். இருசன்னு ஒருத்தன் இருக்கான், அவன் மகன் வயசு பதினஞ்சுதான், முதுகு வளைஞ்சு தரையைப் பார்த்துத்தான் நடப்பான். இங்கிரி அந்தப் பையனைப் பார்த்துட்டு வந்து அன்னைக்கு களி சாப்பிடல. "வேடி, முதல் தொட்டி அங்கதான் வெக்கணும், இல்லைன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல வெக்கணும். ஊருல கேளு"ன்னா.

கேட்டேன். ஊர்க்கவுண்டர்கிட்ட போயி, "தண்ணித் தொட்டி எங்க வெக்கலாங்க?"ன்னேன். "மாரியாத்தா கோயில் பக்கத்துல வெய்யி"ன்னாரு. இங்கிரிகிட்ட வந்து, எல்லாரும் கோயில் பக்கம்தான் சொல்றாங்கன்னேன். "காலனி ஜனங்களும் சொன்னாங்களா? அவங்க அங்க வந்து புடிப்பாங்களா?"ன்னு கேட்டா. யெஸ் மேடம், வருவாங்கன்னேன். வந்தா யாரு வேணாம்னு சொல்லப் போறா? வரல. அவங்களா வரல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

இப்பதான் விசயத்துக்கு வர்றேன். அந்தத் தொட்டியில போடற சாமான் இருக்குதே, அது கருப்பா, ரவை மாதிரி இருக்கும். ரெண்டு பெரிய ட்ரம்மு, உள்ள அந்தக் கருப்பு ரவை, மேல தண்ணி ஊத்தினா கீழ குழாய்ல நல்ல தண்ணி. அவ்வளவுதான் மிசினு. கரண்டு வேணாம், ஒண்ணும் வேணாம். ஆனா அந்தக் கருப்பு ரவை மாட்டு எலும்புங்க. காத்துப்படாம சூளையில சுட்டு, கரியாக்கி, நொறுக்கினது.

இங்கிரி என்கிட்ட அதைத் தனியா ஒரு தடவை சொன்னா, ஊர்க் கூட்டத்துல ஒரு தடவை சொன்னா. ரேசன் கடை வாசல்லதான் கூட்டம். "வேடி, இது மாட்டு எலும்புன்னு தெளிவாச் சொல்லு. இவங்களுக்கு மனசு ஒப்புமான்னு கேளு. வேணாம்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். வேற ஒண்ணு இருக்குது. வெள்ளையா உருண்டை உருண்டையா, பாறையில இருந்து எடுக்கறது. அதுல வேலை கொஞ்சம் அதிகம், ஆனா செய்யலாம். இவங்க சொல்றதுதான் முடிவு"ன்னா.

நான் எழுந்து நின்னேன். முன்னால ஊர்க்கவுண்டர், பெரிய மனுசங்க, பின்னால பொம்பளைங்க. எல்லாரு முகத்துலயும் அன்னைக்கு ஒரு வெளிச்சம் இருந்துச்சுங்க. இத்தனை வருசத்துல எங்க ஊருக்குன்னு ஒருத்தரு வந்து நின்னதில்ல. அந்த முகத்தைப் பார்த்து மாட்டு எலும்புன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? "இது கரி ஃபில்டருங்க. சுட்ட கரி. தண்ணியில இருக்கற வெசத்தை உறிஞ்சிடும். சம்மதமா?"ன்னேன். எல்லாரும் கை தூக்கினாங்க. பொம்பளைங்க குலவை போட்டாங்க.

"எலும்புன்னு சொன்னியா? என்ன சொன்னாங்க?"ன்னு இங்கிரி கேட்டா.

"சொல்லிட்டேன் மேடம். நோ ப்ராப்ளம். வெரி ஹாப்பி."

அந்தப் பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கைகூப்பிக் கும்பிட்டா.

நீங்களே சொல்லுங்க. கட்டையைச் சுட்டா என்ன? கரி. எலும்பைச் சுட்டா என்ன? அதுவும் கரி. சாணியைச் சுட்டா திருநீறு. நாம என்ன சாணியையா நெத்தியில பூசறோம்? நான் கரின்னுதான் சொன்னேன். அதுல எந்த எழுத்து பொய்யி?

தொட்டி ஓடுச்சுங்க. நல்லா ஓடுச்சு. அந்தப் புள்ளைங்க எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. எப்ப கரியை மாத்தணும், எப்படிச் சோதிக்கணும், எல்லாம். தண்ணியில ரெண்டு சொட்டு மருந்து விட்டா கலர் மாறும், அதை வெச்சுக் கண்டுபுடிக்கணும். என் வேலை அது. ஊருல என்னை இஞ்சினியரேன்னு கூப்பிட்டாங்க. டீக்கடையில எழுந்து எடம் குடுத்தாங்க. இவளுக்கு ராத்திரியெல்லாம் முட்டி வலின்னு அழுவறது நின்னுச்சு. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுல ஓட்டப் பந்தயத்துல பேரு குடுத்தா. கடைசியாத்தான் வந்தா, ஆனா ஓடினா. மாதம்மா அன்னைக்கு வந்து இங்கிரிக்கு போன் போடுன்னா. போட்டேன். அந்தப் பக்கம் அஞ்சு பேரும் கத்தி கூப்பாடு போட்டாங்க. அந்த ஆறு மாசம் எங்களுக்கு நல்லா இருந்துச்சுங்க.

அப்புறம் கரி மாத்தற நேரம் வந்துச்சு. ஓசூருக்கு அந்தாண்ட ஒரு சூளைக்காரன்கிட்ட அவங்களே ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தாங்க. மூட்டை மினி லாரியில வருது. நான் பட்டப்பகல்ல வராதேன்னு டிரைவருக்குச் சொல்லியிருந்தேன். கூட்டம் இருக்குமேன்னுதான், வேற ஒண்ணுமில்ல. அவன் வந்தது சந்தை நாள், மத்தியானம். டீக்கடைக்கு முன்னால எறக்கறான், ஒரு மூட்டை கிழிஞ்சுது. ரவை கொட்டியிருந்தா ஒண்ணுமில்ல. அந்த சூளைக்காரப் பாவி சரியா நொறுக்காம கட்டியிருக்கான். உள்ளேருந்து ஒரு தாடை விழுந்துச்சு. மாட்டுத் தாடை. பாதி கருகி, பல்லு மட்டும் வரிசையா அப்படியே இருக்குது.

ஒரு பொம்பளை அந்தப் பல்லைப் பார்த்துட்டு, கையில இருந்த கொடத்தைப் பார்த்தா. அப்படியே ஓரமா உக்காந்து வாந்தி எடுத்தா.

ஆத்தாளுக்குப் பொங்கல் வெச்சது அந்தத் தண்ணியிலங்க. சாமிக்கு அபிசேகம் பண்ணது அந்தத் தண்ணியில. ஊரே ஒரு முகமா கோயிலுக்கு முன்னால வந்து நின்னுடுச்சு. ஊர்க்கவுண்டர் என்னை நடுவுல நிக்க வெச்சாரு.

"வேடியா, உனக்கு இது தெரியுமாடா?"

"சத்தியமாத் தெரியாதுங்க. கரின்னுதான் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"அந்த வெள்ளைக்காரப் புள்ளைங்கதான். நம்பி மோசம் போயிட்டேங்க."

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அந்த நேரத்துல தெரியும்னு சொல்லியிருந்தா என்னை அங்கயே பொலி போட்டிருப்பாங்க. என் பொண்டாட்டி புள்ளை என்ன ஆவறது? அவங்க எங்கியோ ஏழு கடல் தாண்டி இருக்காங்க. அவங்களை நாலு பேரு நாலு வார்த்தை திட்டினா அவங்க காதுக்கா கேக்கப் போவுது? பழியை எங்க வெச்சா யாருக்கும் வலிக்காதோ அங்க வெச்சேன்.

தொட்டியை ஒடைக்கச் சொன்னாங்க. கடப்பாரையை எடுத்து முதல் அடி நான்தான் அடிச்சேன். அடிக்கலைன்னா சந்தேகம் வந்துடும் பாருங்க. ட்ரம்மு தெறிச்சு கருப்புத் தண்ணி ஓடுச்சு. அப்புறம் ஒகேனக்கல்ல இருந்து தண்ணி கொண்டாந்து கோயிலைக் கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, தீட்டு கழிச்சாங்க. நான் ஈரத்துணியோட கோயிலைச் சுத்தி வுழுந்து உருண்டேன். முட்டியில கல்லு குத்தி ரத்தம். கோபிகா கோயில் சுவத்துல சாய்ஞ்சு நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. வீட்டுக்குப் போன்னேன், போவல.

மறுநாள் அந்த இருசன் வந்தான். என்னைவிட மூத்தவன், ஆனா 'ங்க' போட்டுத்தான் பேசுவான். எங்க வரப்புக்கு வெளியவே நின்னான்.

"உங்ககிட்ட மீதி ரெண்டு மூட்டை இருக்குதாமேங்க. எங்களுக்கு எலும்பு ஒண்ணும் தீட்டு இல்லீங்க. ஒடைஞ்ச ட்ரம்மை நாங்க ஒட்டிக்கிறோம். அந்த மூட்டையக் குடுத்து, எப்படி ஊத்தறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

"ஊரு அதைக் கல்குட்டையில கொட்டச் சொல்லியிருக்குதுப்பா."

"குட்டையில கொட்டறதை எங்க வாசல்ல கொட்டுங்களேன். யாரு பார்க்கப் போறாங்க?"

நியாயமாத்தான் கேட்டான். எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா காலனியில அந்தத் தொட்டி ஓடுச்சுன்னா, ஊருல கேக்க மாட்டாங்களா? இவனுக்கு எப்படி இதெல்லாம் தெரியுது, அப்ப இவனுக்கு எலும்பு விசயமும் தெரிஞ்சுதான் இருந்திருக்குன்னு ஒருத்தன் கெளப்பி விட்டா? பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்லி அனுப்பினேன். அவன் போறவரைக்கும் பார்த்துட்டு, நானே ரெண்டு மூட்டையும் வண்டியில ஏத்திக் கொண்டுபோயி குட்டையில கவுத்துட்டேன். நான் கவுத்துக்கிட்டு இருக்கறப்பவே அவன் ஓடியாந்தான். துணியோட உள்ள எறங்கினான். கல்லு ஒடைச்ச குட்டைங்க அது, எவ்வளவு ஆழம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ரெண்டு கையிலயும் அள்ளறான், வெரல் சந்துல எல்லாம் ஒழுகிப் போவுது. மேல வந்து ஈரத்தோட என்னைப் பார்த்து நின்னான். சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டே போயிட்டான். வேற என்ன பண்ணுவான்? ஊரு கட்டுப்பாடுன்னு அவனுக்கும் தெரியுமில்ல.

சரி, அதோட முடிஞ்சுதுன்னு பார்த்தா, அந்த இங்கிரிப் பொண்ணு திரும்பி வந்து நிக்குது. தனியா. தொட்டி ஒடைஞ்சு போச்சுன்னு மட்டும் போன்ல சொல்லியிருந்தேன். ஏன், எப்படின்னு கேட்டு கேட்டுப் பார்த்துட்டு, லீவு போட்டுக்கிட்டு கெளம்பி வந்துடுச்சு. ஜனங்களைப் பார்க்கணும், நேரா கேக்கணும்னு ஒரே புடிவாதம். நான் வேணாம் மேடம், எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்கன்னு எவ்வளவோ சொன்னேன். ரேசன் கடை வாசல்லயே போயி உக்காந்துடுச்சு. ஜனங்க தானா கூடிட்டாங்க. ஊர்க்கவுண்டரும் வந்துட்டாரு. யாரு பேசறது? நான்தான் பேசணும்.

அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் ஒரு தீ, அந்தப் பக்கம் ஒரு தீ. நடுவுல நான் ஒருத்தன்.

ஊர்க்கவுண்டர் எடுத்த எடுப்புல, "மாட்டெலும்புன்னு தெரிஞ்சேதான் எங்களுக்குக் குடுத்தாளான்னு கேளுடா"ன்னாரு.

நான் இங்கிரிகிட்ட, "உங்க உதவிக்கு ரொம்ப நன்றி சொல்றாரு. ஆனா ஜனங்களுக்குப் பழைய தண்ணியே பழகிடுச்சாம்"னேன்.

அவ அவரு முகத்தையே பார்த்தா. "நன்றி சொல்ற முகமா இது?"ன்னா. அப்புறம் ஜனங்க பக்கம் திரும்பி, "நான் இதே எடத்துல உங்ககிட்ட எலும்புன்னு சொல்லித்தானே கேட்டேன்? நீங்க எல்லாரும் கை தூக்கினீங்களே? பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டா. குரல் ஒடைஞ்சு போச்சு.

நான் ஜனங்ககிட்ட, "தெரியாமப் பண்ணிட்டேன், பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடுங்கன்னு சொல்லுது"ன்னேன்.

கூட்டம் அப்படியே தணிஞ்சுதுங்க. அந்த வாந்தி எடுத்த பொம்பளையே, "பாவம், சின்னப் பொண்ணு, அழுவுது பாரு. போவட்டும் விடுங்க"ன்னு சொன்னா. ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினாரு. பாருங்க, ஒரு வார்த்தை. ஒரே வார்த்தையில ஊரை அமத்தினேன். படிச்சவன் எவனாவது செஞ்சிருப்பானா?

அவ விடல. கையில ஒரு சின்ன டப்பா வெச்சிருந்தா, அதைத் தொறந்து காட்டினா. வெள்ளை உருண்டைங்க. "இதுல எலும்பு இல்ல. நான் முதல்லயே சொன்னேனே, அந்த இன்னொரு வழி. எல்லாம் தயாரா இருக்குது. எங்க காலேஜ் அனுப்பறேன்னுடுச்சு. இங்க ஒண்ணு வெக்கலாம், காலனியில ஒண்ணு வெக்கலாம். இவங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கேளு வேடி, ப்ளீஸ்"னா.

நான் அந்த டப்பாவைப் பார்த்தேன். இதைச் சொன்னா என்ன ஆவும்? சரிம்பாங்க. மறுபடி அஞ்சு பேரு வருவாங்க. மறுபடி கூட்டம். இந்தத் தடவை டிரஸ்ட்டுல இருந்து இங்கிலீஷ் தெரிஞ்ச எவனாவது கூட வருவான். அன்னைக்கு என்ன நடந்துச்சு, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஆளாளுக்கு நோண்டுவாங்க. ஆறுன புண்ணுங்க. அதைக் கெளறலாமா? ஊரு இப்பதான் அமைதியாயிருக்குது.

"என்னடா டப்பாவைக் காட்டுது?"ன்னாரு ஊர்க்கவுண்டர்.

"அவங்க ஊரு மருந்தாங்க, தலைவலிக்கு. கெளம்பறேன்னு சொல்லுது."

"சரி, பத்திரமாப் போவச் சொல்லு."

இங்கிரிகிட்ட திரும்பி, "வேணாம்னு சொல்றாங்க மேடம்"னேன்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

கூட்டத்துல பின்னாடி இருந்து "அப்பா"ன்னு ஒரு சத்தம். இவதான். சுவத்தைப் புடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிறா. என்னத்துக்கோ தெரியல. வெயில்ல நின்னு கால் வலிச்சிருக்கும். பெரியவங்க பேசறப்ப குறுக்க என்னன்னு ஒரு பார்வை பார்த்தேன். உக்காந்துட்டா.

இங்கிரி அந்த டப்பாவை மூடினா. எல்லாரையும் ஒரு தடவை சுத்திப் பார்த்தா. எங்க ஊருல கத்துக்கிட்ட மாதிரியே கைகூப்பிக் கும்பிட்டா. ஜனங்களும் கும்பிட்டாங்க, ஊர்க்கவுண்டர் உள்பட. ரெண்டு பக்கமும் கும்பிட்டுக்கிட்டாங்க. ஒரு கல்லு விழல, ஒரு கெட்ட வார்த்தை விழல. அந்தப் பொண்ணை பஸ் ஏத்தி விட்டுட்டு வந்து நான் ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். அவ்வளவு தாகம்.

அதுக்கப்புறம் அவங்க போன் வரல. அவங்க காலேஜ்ல இனிமே எங்க பக்கம் புள்ளைங்களை அனுப்பறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்களாம், டிரஸ்ட்டுல சொன்னாங்க. ஜனங்களே வேணாங்கறப்ப எதுக்குன்னு. இருசன் மகன் இப்ப நடக்கறதில்ல. வாசல்ல கயித்துக் கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்திருப்பான். இவளுக்கு ரெண்டு வருசத்துல இவ்வளவு வளைஞ்சு போச்சு. கேன் தண்ணி வாங்கலாமேன்னு கேப்பீங்க. வண்டி எங்க மேட்டுக்கு வராது. வந்தாலும் குடிக்க மட்டுந்தான். சோறாக்கறது, களி கெளறறது எல்லாம் போர் தண்ணிதானே?

இப்ப சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டு வர்றோம். அங்க வடக்கத்தி டாக்டர் ஒருத்தரு, தமிழ் வராது. இங்கிலீஷ்ல கேட்டாரு. நான் முன்னால போயி நின்னு சொல்ல ஆரம்பிச்சேன். இவ, "அப்பா, நீ வெளிய இரு. நானே சொல்லிக்கிறேன்"னா. ரொம்ப நாள் கழிச்சு என்கிட்ட பேசின பேச்சு அதுதாங்க. எனக்குச் சந்தோசம்தான், புள்ள பேசுதேன்னு. வெளிய உக்காந்தேன். கதவுக் கண்ணாடியில தெரியுது, நிறுத்தாம பேசறா. டாக்டரு எழுதறதை நிறுத்திட்டுக் கேக்கறாரு. என்ன அவ்வளவு நேரம் பேசினாளோ. காலைப் பத்தி அவ்வளவு பேச என்ன இருக்குது?

அப்புறம் என்னைக் கூப்பிட்டாரு. எலும்பை வெட்டி நேராக்கலாமாம், ஆனா அதே தண்ணி குடிச்சா மறுபடி வளைஞ்சிடுமாம். முதல்ல தண்ணியை மாத்திட்டு வாங்க, அப்புறம் ஆபரேசன் பேசலாம்னாரு. உங்க ஊருக்கு உதவி பண்ண யாருமே வரலையான்னும் கேட்டாரு. வந்தாங்க சார், எங்க ஜனங்கதான் வேணாம்னுட்டாங்கன்னேன். டாக்டரு இவளைப் பார்த்தாரு. இவ ஜன்னலைப் பார்த்தா. மாத்திரைப் பேரை எழுதின சீட்டை என் கையில குடுத்துட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடிச்சிட்டாரு.

மாதம்மாவுக்கு என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். அடுத்த வருசம் பார்க்கலாம்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். தெரிஞ்சா தாங்க மாட்டா.

இவ இப்படித்தான் வாயே தொறக்கறதில்ல. வலிதான், வேற என்ன? வலி இருந்தா யாருக்குப் பேசப் புடிக்கும்?

தர்மபுரி வந்துடுச்சு, நீங்க எறங்கணுமே. பார்த்து, படி ஒசரம். என்ன, இவகிட்டயா? கேளுங்க, கேளுங்க. கோபிகா, கண்ணைத் தொறம்மா, அந்தம்மா உன்னைக் கேக்கறாங்க பாரு, கால் ரொம்ப வலிக்குதான்னு.

இல்லையாங்க. வலிக்கலையாம்.